பீலிக்கரையில் எடுத்த ஸ்லைடு

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவன் நான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் படக் கவர்களின் மேல் ஆட்களின் பெயரும் அவர்களுடைய தோட்ட டிவிஷனும்தான். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம். மகள் பார்த்துத் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் கண்ணுக்கும் தப்பியது இருந்தால் மன்னிக்கவும். எழுத்து வரியில் நிற்காமல் சரிந்துகொண்டே போவது எனக்கும் தெரிகிறது. "மலையில பொறந்த கைதானே, சரியத்தான் செய்யும்" என்று மகள் கேலி செய்கிறாள்.

படம் எடுப்பது எனக்குப் பழகிய வேலை. எழுதுவது பழகாத வேலை. ஆனாலும் இந்த ஒன்றை எழுத்தில்தான் வைக்க வேண்டியிருக்கிறது.

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்குப் போகும் பாதையில் எங்கள் தேயிலைத் தோட்டம். லயம் என்கிற வரிசை வீட்டில் கடைசிக் காம்பரா எங்களுடையது. டவுனில் ஒரு ஸ்டூடியோவில் நெடுங்காலம் இருந்தேன். அது மூடப்பட்ட பிறகு சொந்தமாக ஒரு டிஜிட்டல் கமரா வைத்துக்கொண்டு கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா என்று எடுத்து வந்தேன். இவ்வளவு கூச்சப்படுகிற ஆள் இந்த வேலைக்கு எப்படி வந்தான் என்று என்னைத் தெரிந்தவர்கள் கேட்பார்கள். கமராவுக்குப் பின்னால் நிற்கிறவனை யாரும் பார்ப்பதில்லை. அதற்காகத்தான் வந்தேன்.

ஸ்டூடியோவில் எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை ஒன்று உண்டு. தோட்டங்களில் யாராவது இறந்துவிட்டால் கருமாதிக்கு முன்னால் வீட்டார் ஒரு படத்தைக் கொண்டுவருவார்கள். பெண்கள் என்றால் பெரும்பாலும் அடையாள அட்டைதான். இல்லாவிட்டால் யாருடைய கல்யாணத்திலோ எடுத்த கூட்டப் படத்தின் ஓரத்தில் பாதி மறைந்து நிற்பார்கள். அந்த ஒரு முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, பின்னால் நீல நிறம் போட்டு, பெரிதாக்கிக் கொடுக்க வேண்டும். சட்டம் போட்டு, பொட்டு வைத்து, மாலை போடுவார்கள். எங்கள் லயங்களில் சுவரில் ஒருவர் தனியாகத் தொங்கினால் அவர் உயிரோடு இல்லை என்று அர்த்தம். உயிரோடு இருப்பவர்கள் சேர்ந்துதான் தொங்குவார்கள்.

என் மனைவிக்கு இது நன்றாகத் தெரியும். ஒருமுறை பக்கத்து லயத்தில் இறந்துபோன ஒருத்தியின் படத்தை வீட்டிலேயே கணினியில் வெட்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவின் தோளில் வேறு யாரோ வைத்த கை ஒன்று இருந்தது. கையை மட்டும் பார்த்தால் யாருடையது என்று தெரியாது. அதைச் சேலையின் நிறத்தால் மூடி அழித்துக்கொண்டிருந்தபோது மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"அந்தக் கை இருந்துட்டுப் போகட்டுமேங்க" என்றாள்.

"பொணத்து மேல கை வெச்ச மாதிரி இருக்கும் புள்ள. வீட்டு ஆளுங்க திட்டுவாங்க."

"தனியாப் போகுது பாவம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவளைத் தனியாக நிறுத்தி நான் ஒரு படம்கூட எடுத்ததில்லை. எடுக்க விடமாட்டாள். கமராவைத் தூக்கினால் மகளை இழுத்து அணைத்துக்கொள்வாள். மகள் இல்லாவிட்டால் பக்கத்துக் காம்பராப் பிள்ளை. பிள்ளையும் இல்லாவிட்டால் ஆட்டுக்குட்டி. "என்ன, மாலைக்கு அளவெடுக்கிறீங்களா?" என்பாள். அடையாள அட்டையில் இருக்கிற படம் தனிப் படம்தானே என்று ஒருநாள் மடக்கப் பார்த்தேன். "அது கவர்மெண்டு எடுத்தது. நான் போய்ச் சேந்தா அதையே வெட்டிக்கங்க. ஒங்களுக்குத்தான் கை பழகின வேலையாச்சே" என்றாள். 

அந்தப் பழைய கமரா கைக்கு வந்தது பதுளை பஜாரில் ஒரு கைக்கடிகாரக் கடையிலிருந்து. கடைக்கார முஸ்லிம் பெரியவரை நான் நானா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய கண்ணாடி அலமாரியில், நின்றுபோன கடிகாரங்களுக்கு நடுவில், கறுப்பும் வெள்ளியுமாக அது கிடந்தது. பழைய பங்களா ஒன்றின் சாமான்களோடு வந்ததாம். போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துவிட்டுப் போவேன். வாய் திறந்து கேட்டதில்லை.

ஒருநாள் அவரே கூப்பிட்டார்.

"தம்பி, தெனமும் மாப்பிள பொண்ணப் பாக்கிற மாதிரி பாத்துட்டுப் போற. உள்ளுக்கு வந்து தொட்டுத்தான் பாரேன்."

"இல்ல நானா, சும்மா..."

"சும்மா கண்ணாடிக்குள்ள ஈக்குது. படம் புடிக்கிற கையில போகட்டும். ஒன்ட கிட்ட ஈக்கிற அந்தப் பெரிய பிளாஷ் லைட்ட குடு. மகன்ட மகளுக்கு பேத்டே வருது."

கொடுத்துவிட்டேன். பிளாஷ் இல்லாமல் கல்யாணத்துக்குப் போக முடியாதே என்று மனைவி கேட்டாள். கல்யாணங்களே குறைந்துவிட்டன, எல்லோரிடமும் போன் இருக்கிறது என்று சொன்னேன். அது உண்மையும்தான்.

ரேஞ்ச்பைண்டர் என்று அந்த வகைக்குப் பெயர். நான் பழகிய கமராக்களில் லென்ஸ் எதைப் பார்க்கிறதோ அதைத்தான் நாமும் பார்ப்போம். இதில் அப்படி இல்லை. லென்ஸ் நடுவில் இருக்கும். நாம் பார்ப்பது மூலையில் இருக்கிற ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக. ஜன்னலுக்குள் வெள்ளைக் கோட்டால் ஒரு சட்டம் தெரியும். அந்தச் சட்டத்துக்குள் இருப்பதுதான் படத்தில் விழும். ஆனால் சட்டத்துக்கு வெளியில் இருப்பதும் கண்ணுக்குத் தெரியும். ஒரு ஆள் படத்துக்குள் வருவதற்கு முன்னாலேயே, அவர் வரப்போவது தெரிந்துவிடும்.

ஜன்னலின் நடுவில் மங்கலான மஞ்சளாக ஒரு சிறிய கட்டம். அதற்குள் எதிரில் நிற்பவர் இரண்டாகத் தெரிவார், ஒருவரும் அவருடைய ஆவியும் போல. லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி வரும். ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காரும்போது தூரம் சரி என்று அர்த்தம். முதல் நாள் முன்வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து, பிலிம் போடாமலேயே, மலை ஊற்று விழுகிற பீலியில் தண்ணீர் பிடிக்க வருகிறவர்களை எல்லாம் இரண்டாக்கி ஒன்றாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டனை அமுக்கினால் பெரிய கமரா மாதிரி அடிக்காது. நாக்கை லேசாகத் தட்டின மாதிரி ஒரு சத்தம். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைப் போன்ற ஆளுக்காகவே செய்த கமரா என்று தோன்றியது.

பிலிம் கிடைத்தது எதிர்பாராமல். எல்ல ஊர் ரயில் பாலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜோடிகளைப் படம் எடுக்கப் போவேன். அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண் என் கழுத்தில் தொங்கியதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். அவள் கழுத்திலும் அதே மாதிரி ஒன்று தொங்கியது. அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. அவள் கமராவை நான் வாங்கிப் பார்த்தேன், என்னுடையதை அவள் பார்த்தாள். இருவரும் சிரித்தோம். ஊருக்குத் திரும்பிப் போகிறாள் போல. பையைக் கிளறி, மிச்சமிருந்த பிலிம் ரோல்களை என் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டாள்.  தலையை மட்டும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து மகள் பெட்டியின் மேல் இருந்த எழுத்தைப் படித்துப் போனில் தேடிப் பார்த்தாள். "அப்பா, இது ஸ்லைடு பிலிம்" என்றாள்.

ஸ்டூடியோவில் இருந்த காலத்தில் கேள்விப்பட்டிருந்தேன், தொட்டதில்லை. சாதாரண பிலிம் பிழையைப் பொறுக்கும். வெளிச்சம் கூடிவிட்டாலும் குறைந்துவிட்டாலும் பிரிண்ட் போடுகிறபோது சரிசெய்துகொள்ளலாம். ஸ்லைடு பொறுக்காது. கமராவுக்குள் எந்தத் துண்டு வெளிச்சத்தைப் பார்த்ததோ அதே துண்டுதான் நிறத்தோடு கழுவி வரும். அதுதான் படம். வெளிச்சம் கொஞ்சம் கூடினால் வெளுத்துப்போகும், கொஞ்சம் குறைந்தால் இருண்டுபோகும். என் கமராவில் வெளிச்சம் அளக்கிற கருவியும் இல்லை. வெயில், மூட்டம், நிழல் என்று மனதில் கணக்குப் பார்த்து வைக்க வேண்டும். எங்கள் மலையில் ஒரு நிமிஷத்துக்குள் மூன்றும் வந்து போகும்.

முதல் ரோலைக் கோயில் திருவிழாவிலும் மலையிலும் எடுத்தேன். கொழும்பில் ஒரு கடையில் வாங்கி, கழுவுவதற்கு வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். வருவதற்கு மாதக்கணக்காகும். வந்தபோது பாதி வெளுத்திருந்தது. மிச்சப் பாதியை இஸ்தோப்பில் நின்று வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். தபால் முத்திரையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு துண்டுக்குள் முழு மலையும் இருந்தது. கொழுந்துப் பெண்களின் தலைத்துண்டில் இருந்த சிவப்பு, மஞ்சள் தண்ணீர் ஊற்றிய பிள்ளைகளின் ஈரம், மழை வருவதற்கு முன்னால் தேயிலைச் செடியில் விழுகிற அந்தக் கரும்பச்சை. இத்தனை வருஷம் நான் பிரிண்ட் போட்டுக் கொடுத்ததெல்லாம் தூசி படிந்த படங்கள் என்று தோன்றியது.

மனைவி காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டு முடிந்து, கொழுந்து எடுத்துவிட்டு, கூடையைக்கூட இறக்காமல் வந்து நின்றாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"உள்ளுக்குள்ள வெயில் அடிக்குதுங்க" என்றாள். பிறகு கையைக் கீழே இறக்கி அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீழே பிடித்தால் வெறும் இருட்டாகத்தான் இருக்கும்.

"இதை எப்படிச் சொவத்துல மாட்டுறது?"

"மாட்ட முடியாது. வெளிச்சத்துக்கு நேரப் புடிச்சாத்தான் தெரியும்."

"சட்டம் போட முடியாது?"

"முடியாது."

"மாலையும் போட முடியாது?"

"மாலை என்ன, ஒரு பொட்டு வெச்சாலே ஆளு மறைஞ்சிரும்."

கூடையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "அப்ப இதுலன்னா பாப்போம்" என்றாள். எனக்கு அது போதும். எப்போது எடுக்கலாம் என்று அவசரப்பட்டுக் கேட்கவில்லை. ஆனால் அடுத்த ரோலைப் போட்ட நாளிலிருந்து ஒவ்வொரு படத்தையும் சிக்கனமாக எடுத்தேன். கடைசிப் படங்களை அவளுக்காக வைத்திருந்தேன்.

அந்த வருஷம்தான் அவள் வீட்டு வேலைக்கு வெளிநாடு போவதென்று முடிவானது. மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கியிருந்தாள். எனக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது. எங்கள் லயத்திலேயே ஏற்கெனவே போய்வந்த பெண்கள் இருந்தார்கள். போக வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். அவள் கேட்டபோது சுவரைப் பார்த்துக்கொண்டு, "உன் இஷ்டம்" என்றேன். அது என் இஷ்டம் இல்லை என்று அவளுக்கும் தெரியும். பாஸ்போட்டுக்குப் படம் எடுத்துவிட்டு வந்த அன்று, "காதைக் காட்டுன்னாங்க, சிரிக்காதேன்னாங்க. அது நான் இல்லங்க" என்றாள். "நான் எடுக்கிறேன், நீயாவே இருப்ப" என்றேன். "போற அன்னைக்கு எடுங்க" என்றாள்.

போகிற அன்று காலையில் மலையில் பனித்தூறல் விழுந்துகொண்டிருந்தது. பதுளையிலிருந்து ரயிலில் போக வேண்டும். ஏஜன்சி ஆளும் இன்னொரு தோட்டத்துப் பெண்ணும் ஸ்டேஷனில் காத்திருப்பார்கள். கிளம்புவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் தூறல் விட்டது. மலைக்கு மேலே சூரியன் எட்டிப் பார்த்தது. பீலிக்கரைக்குத்தான் முதல் வெயில் வரும். ஓடுங்க ஓடுங்க என்று மகள்தான் இருவரையும் விரட்டினாள். தான் மட்டும் அம்மாவின் பையைக் கட்டிக்கொண்டு உள்ளே நின்றுவிட்டாள். இப்போது யோசித்தால், எங்களைத் தனியாக விடத்தான் அப்படிச் செய்தாள் என்று நினைக்கிறேன்.

சேலை கட்டி வரக்கூடாது என்று ஏஜன்சியில் சொல்லியிருந்தார்கள். நீலச் சுரிதார் ஒன்று வாங்கியிருந்தாள். அவள் சுரிதார் போட்டு அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். மடித்த கோடுகள் இன்னும் துணியில் அப்படியே இருந்தன. பீலியின் பக்கத்தில் நின்றவள் கண்ணைச் சுழற்றி எதையோ தேடினாள். பக்கத்துக் காம்பரா ஆட்டுக்குட்டி செடி ஓரத்தில் நின்றது. அதை நோக்கிக் கையை நீட்டினாள்.

"ஆட்டை விடு புள்ள" என்றேன்.

"ஒத்தையிலயா நிக்கிறது?"

"ஒத்தையிலதான்."

கையை இழுத்துக்கொண்டு நின்றாள். நான் கமராவைக் கண்ணில் வைத்தேன். வெயில், ஆனால் காற்றில் ஈரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டு வைத்தேன். மஞ்சள் கட்டத்துக்குள் அவள் இரண்டாக நின்றாள். லென்ஸைத் திருப்பினேன். அந்த இரண்டு பேரும் நெருங்கி வந்து ஒருத்தியானார்கள்.

முதலில் அவள் முகம் பாஸ்போட் முகமாகத்தான் இருந்தது. கண்கள் நேராகக் கமராவைப் பார்த்தன. பிறகு ஒரு விநாடிக்குள் அந்த முகம் இளகிவிட்டது. எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துவிட்டாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அப்படி ஒரு சிரிப்பைக் கமராவுக்கு முன்னால் அவள் சிரித்ததில்லை. அவள் மட்டுமல்ல, நான் படம் எடுத்த யாரும் சிரித்ததில்லை. அமுக்கினேன். சுற்றினேன், அமுக்கினேன். ரோல் முடியும்வரை அவள் அப்படியே நின்றாள். ஒருமுறைகூட முகத்தைத் திருப்பவில்லை.

"போதுமா?" என்றாள்.

"போதும்."

"நல்லா விழுந்துச்சா?"

"நல்லா விழுந்துச்சு" என்றேன். மறுபடியும் சிரித்தாள்.

ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், பஸ்ஸிலேயே, கைக்குட்டையை மேலே போட்டு மூடிக்கொண்டு முடிந்த ரோலை எடுத்துவிட்டுப் புதிய ரோல் ஒன்றைப் போட்டேன். ரயில் புறப்பட்டபோது அவள் ஜன்னலில் முகத்தை வைத்திருந்தாள். மகள் கையை ஆட்டினாள். நானும் கமராவைத் தூக்கினேன். கமராவின் சின்ன ஜன்னலுக்குள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. பக்கத்தில் மூட்டையோடு நின்ற ஒரு பையன், "அண்ணே, மூடி" என்றான்.

"என்ன?"

"கமராவுக்கு மூடி போட்டிருக்கு அண்ணே."

லென்ஸின் மேல் கறுப்பு மூடி அப்படியே இருந்தது. இந்த வகைக் கமராவில் நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக இல்லை என்பதால் மூடி இருந்தாலும் நமக்கு எல்லாம் தெரியும். எடுக்கிறவனுக்குத் தெரியாத ஒரே சாமான் அந்த மூடிதான். கழட்டி நிமிர்ந்தபோது ரயில் வளைவில் போய்விட்டது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனைதான். காலையில் தூறலுக்குப் பயந்து மூடியைப் போட்டேன், அது நினைவிருக்கிறது. பீலிக்கரையில் கழட்டினேனா? எடுத்து முடித்த பிறகு மறுபடி போட்டேனா, அல்லது போட்டது போட்டபடியே இருந்ததா? மூடியைக் கழட்டினால் சட்டைப் பையில் போடுவது என் பழக்கம். பையில் போட்ட மாதிரியும் இருந்தது, போடாத மாதிரியும் இருந்தது. மகளிடம் கேட்டேன். அவள் உள்ளே இருந்தாள், பார்க்கவில்லை. பார்த்தது ஒரே ஆள்தான். அவளோ கடல் தாண்டிப் போய்விட்டாள்.

அவளிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவள் தனியாக நின்றதே பெரிய காரியம். அதை நான் வீணாக்கியிருந்தால் என்ன முகத்தோடு சொல்வது? இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அந்த வீட்டு மேடம் விடுகிற நேரத்தில், போனில் முகம் காட்டிப் பேசுவாள். வெள்ளைச் சுவர், வெள்ளை லைட், களைத்த முகம். போனைத் தட்டில் சாய்த்துவைத்துவிட்டு ஏதாவது துடைத்துக்கொண்டே பேசுவாள். "சாப்டீங்களா, மக படிக்குதா, கூரை ஒழுகுதா" என்று கேட்டு முடிப்பதற்குள் யாராவது கூப்பிடுவார்கள். போனிலேயே அந்த முகத்தைப் படமாகப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று மகள் காட்டிக்கொடுத்தாள். நான் வேண்டாம் என்றேன். அவளுக்குத் தெரியாமல் எடுப்பது திருட்டு மாதிரி இருந்தது. அதோடு எனக்கு அந்த முகம் வேண்டாம். பீலிக்கரை முகம்தான் வேண்டும். ரோல் கழுவி வரட்டும் என்று காத்திருந்தேன்.

கொழும்புக் கடையிலிருந்து கூப்பிட்டபோது போனை எடுத்தவன் தயங்கித் தயங்கிப் பேசினான். "அண்ணே, முன்னுக்கு எடுத்ததெல்லாம் நல்லா வந்திருக்கு. கடைசியில உள்ளது எல்லாம் கறுப்பு. ஒன்னுமே இல்ல. வெட்டிப் போட்டுறவா?"

"போடாதீங்க" என்றேன். "அதையும் மத்தது மாதிரி அட்டை போட்டு அனுப்புங்க."

"கறுப்பையா?"

"கறுப்பைத்தான்."

அது வந்து சேர்ந்த வாரத்தில் மனைவி போனில் பேசியபோது மகளை வெளியே அனுப்பிவிட்டு நானே பேசினேன்.

"படம் கழுவி வந்திருச்சு."

"எப்படி இருக்கு?" தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கோயில் நல்லா வந்திருக்கு. மலையும் வந்திருக்கு."

"நானு?"

"நீ கறுப்பா வந்திருக்க."

"நான் என்னைக்கு வெள்ளையா இருந்தேன்?"

"இல்ல புள்ள. ஒன்னுமே விழல. மூடியக் கழட்டாம எடுத்துட்டேன்."

தண்ணீர்க் குழாயை நிறுத்தினாள். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து முகத்துக்குக் கிட்டே வைத்தாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"மூடி இருந்துச்சு. என் மூஞ்சிக்கு நேராத்தானே புடிச்சீங்க? கறுப்பா, வட்டமா, அப்படியே இருந்துச்சு. அதுக்குப் பின்னால ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு, மூச்சக்கூட விடாம நீங்க. எனக்குச் சிரிப்பு தாங்கல."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கழட்டிப்புடுவீங்க."

மடியில் கிடந்த கறுப்பு ஸ்லைடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன்.

"கோவமா?"

"இல்ல."

"படம் இருந்தா நீங்க அதோடயே குடும்பம் நடத்துவீங்க. எனக்கு ஒங்களத் தெரியாதா? நான் வந்து நிக்கிறேன். அப்ப எடுங்க" என்றாள். பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். முகம் போய்விட்டது.

எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னது பொய் இல்லை. ஆனால் இரண்டு மூன்று நாள் எதுவும் ஓடவில்லை. பிறகுதான் ஒவ்வொன்றாக விளங்கியது. மூடி இருந்ததால்தான் அவள் மறுபடி ஆட்டைத் தேடாமல் நின்றாள். படம் விழாது என்று தெரிந்ததால்தான் அந்த முகம் இளகியது. அவள் கமராவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கமராவுக்குப் பின்னால் நிற்கிறவனை யாரும் பார்ப்பதில்லை என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். மூடியைக் கழட்டியிருந்தால் படம் விழுந்திருக்கும், அந்தச் சிரிப்பு விழுந்திருக்காது.

கறுப்பு ஸ்லைடுகளில் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். முன்பு மூடியைப் போடுகிற அதே பையில். அதை வெறும் வெளிச்சத்தில் பிடித்தால் ஒன்றும் தெரியாது. சூரியனுக்கு நேராகப் பிடித்தால் மட்டும் நடுவில் சின்னதாக, மங்கின சிவப்பாக, ஒரு பொட்டு மாதிரி தெரியும். கண் கெட்டுப்போகும் என்று மகள் திட்டுகிறாள்.

அதில் விழாததை நான் பார்த்தபடியே எழுதிவைக்கிறேன். நீலச் சுரிதார். தோளிலிருந்து கீழே இறங்குகிற மடிப்புக் கோடு. இடது கையால் வலது முழங்கையைப் பிடித்திருக்கிறாள். ஈரத் தலைமயிர், அதில் ஒரு இழை கன்னத்தில் ஒட்டியிருக்கிறது. பின்னால் பீலியிலிருந்து விழுகிற தண்ணீர் வெயிலில் வெள்ளையாக இருக்கிறது. யாரோ மறந்துவிட்டுப் போன சிவப்பு வாளி. அதற்குப் பின்னால் தேயிலை, தேயிலைக்குப் பின்னால் பனி ஏறிக்கொண்டிருக்கிறது. வெள்ளைக் கோட்டுக்கு வெளியில், இடது பக்கம், ஆட்டுக்குட்டி நின்று அவளைப் பார்க்கிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணெல்லாம் சிரிப்பாக, அவள் என்னைப் பார்க்கிறாள்.

ஒப்பந்தம் முடிந்து தீபாவளிக்கு வருவதாக இருந்தது. மேடத்தின் தாய் படுக்கையில் விழுந்துவிட்டாராம். இன்னும் கொஞ்ச காலம் இருக்கச் சொல்லிக் கேட்டார்களாம். பொங்கலுக்குப் பிறகு பார்க்கலாம் என்கிறாள். எந்தப் பொங்கல் என்று நான் கேட்கவில்லை.

ரயில் புறப்பட்டபோது கமராவில் இருந்த ரோலை ஒரு படமும் எடுக்காமல் திருப்பிச் சுற்றி வைத்துவிட்டேன். அது இப்போது பஜார் நானாவின் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது. எங்கள் காம்பராவில் அந்தப் பெட்டி கிடையாது, ஸ்லைடு பிலிம் சூட்டில் கெட்டுவிடும். அந்த பிலிமின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. நிறம் மாறி வந்தாலும் வரும். வட்டிலாப்பம் வைக்க இடமில்லாமல் நானாவின் மனைவி அதை நகர்த்தி நகர்த்தி வைக்கிறாராம். "ஒன்ட பொஞ்சாதி எப்பதான் வாறா தம்பி? எங்கட பிரிட்ஜுல குடியிருக்கிறா" என்று நானா போகும்போதெல்லாம் கேட்கிறார்.

நேற்று அவள் பேசியபோது நான் கேட்டேன்.

"வந்தா ஒத்தையில நிப்பியா?"

"மூடியக் கழட்டுவீங்களா?"

"கழட்டுவேன்."

துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "நிக்கிறேன்" என்றாள்.

சிரிக்கவில்லை.

காலையில் மலைக்கு மேலே சூரியன் வந்ததும் பிலிம் இல்லாத கமராவை எடுத்துக்கொண்டு பீலிக்கரைக்குப் போகிறேன். தண்ணீர் பிடிக்க வருகிற பெண்கள் பழகிவிட்டார்கள், விலகி வழி விடுகிறார்கள். அவள் நின்ற இடத்தில் வெயில் எவ்வளவு விழுகிறது, பனி எப்போது விலகுகிறது என்று பார்க்கிறேன். மழை மாதத்தில் எப்படி, வெயில் மாதத்தில் எப்படி என்று எனக்கு இப்போது தெரியும். அவள் எந்த மாதத்தில் வந்து நின்றாலும் வெளிச்சத்தில் பிழை விடமாட்டேன். தூரத்தையும் வைத்துப் பார்க்கிறேன். அந்த மஞ்சள் கட்டத்துக்குள் பீலியின் தண்ணீர் இரண்டாக விழுந்து, பிறகு ஒன்றாக விழுகிறது. இன்றைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதி முடித்தேன்.

ஜனவரி பதின்மூன்று, பொங்கலுக்கு முதல் நாள்.